உயிரணுவின் ஆயுளும் ஒரு நொதியும்

குருதியில் செவ்வணுக்களும் வெள்ளணுக்களும் இருக்கின்றன என்பதை மாணவர் அனைவரும் அறிவர். வெள்ளணுக்களுள் ஒரு பிரிவு நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்கும் காவற்படை என்பதும் பாடநூல்களில் காணும் செய்தியே. ஆயின், அக்காவலர் எங்கே பிறக்கின்றனர்? வளரும் பருவத்திலேயே அவருள் எத்தனை பேர் மடிகின்றனர்? இன்னவர் பிழைக்கலாம், இன்னவர் மடிக என்று தீர்ப்பது யாது? இவ்வினாக்களுக்கு விடை கண்ட வரலாறு நீண்டது. பல கிளைகளை உடையது. அவற்றுள் ஒரு கிளையை மட்டும் இங்கே எடுத்துரைக்க விழைகிறேன். அக்கிளை வாஷிங்டன் நகரில் ஒரு சிறுவனின் நோயில் தொடங்குகிறது. கோழிப் பண்ணைக்குள் நுழைந்து, தசையை ஆராய்ந்த ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொட்டு, 41 ஆண்டுகளுக்குப் பின் ஒரு நொதியில் வந்து சேர்கிறது.

வாஷிங்டனில் வால்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனை என்று ஒன்று இருந்தது. அங்கே குழந்தை மருத்துவராகப் பணியாற்றியவர் கர்னல் ஆக்டன் புரூட்டன். அவரிடம் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சிகிச்சை பெற்று வந்தான். நான்கு ஆண்டுக் காலத்தில் 19 முறை அவனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. குருதியிலேயே கிருமி பரவி, உயிருக்கு ஊறு விளைக்கும் காய்ச்சல் அது. பெரும்பாலும் நிமோனியாவை உண்டாக்கும் கிருமியே குற்றவாளியாகக் காணப்பட்டது. ஒருமுறை ஒரு கிருமி தாக்கினால், மறுமுறை அதனை எதிர்க்கும் ஆற்றலை உடல் பெற்றுவிடும் என்பது பொது விதி. அச்சிறுவனின் உடலோ எதனையும் கற்றுக்கொள்ளவில்லை. தடுப்பூசி போட்டுப் பார்த்தார் புரூட்டன். பிற குழந்தைகளின் உடலில் தோன்றும் எதிர்ப்பொருள் அவன் உடலில் தோன்றவே இல்லை.

இத்தகைய குழந்தைகள் அதற்கு முன் உலகில் பிறக்கவில்லையா என்று கேட்கத் தோன்றும். பிறந்தனர், ஆனால் பிழைக்கவில்லை. பெனிசிலின் வருமுன் முதலிரண்டு காய்ச்சல்களிலேயே அவர்கள் இறந்திருப்பர். குழந்தைகள் நிமோனியாவால் இறப்பது அக்காலத்தில் எவருக்கும் புதிராகத் தோன்றவில்லை. மருந்து வந்து உயிரைக் காத்த பின்னரே, அதே குழந்தை மீண்டும் மீண்டும் நோயுறுவதைக் காணும் வாய்ப்பு மருத்துவர்க்குக் கிட்டியது. ஒரு நோய்க்கு மருந்து கண்ட பிறகே, அதன் பின்னே மறைந்திருந்த மற்றொரு நோய் கண்ணுக்குப் புலனாயிற்று. மருத்துவ வரலாற்றில் இவ்வாறு நிகழ்வது அரிதன்று.

குருதிச் சீரத்திலுள்ள புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டு, அவற்றின் வேகத்தைக் கொண்டு பிரித்தறியும் முறையை ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆர்னே டிசேலியஸ் 1937-ஆம் ஆண்டில் வகுத்திருந்தார். ஆல்புமின், ஆல்பா, பீட்டா, காமா என ஒவ்வொரு புரதக் கூட்டமும் வரைபடத்தில் ஒரு குன்று போல் எழுந்து நிற்கும். எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் காமா குன்றில்தான் அடங்கியுள்ளன என்பதும் 1939-இல் தெரிந்துவிட்டது. புரூட்டனின் மருத்துவமனையில் அச்சிறுவனின் சீரத்தை இம்முறையில் ஆராய்ந்தனர். ஏனைய குன்றுகள் இருந்தன. காமா குன்று இருக்க வேண்டிய இடம் வெறும் சமவெளியாகக் கிடந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, காயமுற்ற வீரர்களின் பொருட்டு மனிதக் குருதியிலிருந்து புரதங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்தெடுக்கும் தொழில் ஹார்வர்டில் எட்வின் கோன் என்பாரின் முயற்சியால் வளர்ந்திருந்தது. காமா குளோபுலின் அவற்றுள் ஒன்று. சிறுவனின் உடல் தானே ஆக்க இயலாத பொருளைப் பிறர் குருதியிலிருந்து பெற்று, மாதந்தோறும் தோலின் கீழ் ஊசி வழியே செலுத்தினார் புரூட்டன். காய்ச்சல்கள் நின்றன. 1952-ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை மிகச் சிறியது. ஆயினும் ஒரு புதிய துறைக்கே அது வாயிலாயிற்று. பாஸ்டன் நகரில் சார்லஸ் ஜேன்வே என்ற மருத்துவரும் இத்தகைய நோயாளர் பலரைக் கண்டறிந்தார். அவர்கள் அனைவரும் ஆண் குழந்தைகள் என்பது கருத்தைக் கவர்ந்தது. எக்ஸ் குரோமோசோமில் குறையிருந்தால், அக்குரோமோசோம் ஒன்றே உடைய ஆணுக்கு நோய் வரும். இரண்டுடைய பெண் மற்றொன்றின் துணையால் தப்பிப்பாள். இந்நோயும் அவ்வழியே தாயிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது என்று உணர்ந்தனர்.

குறை இருப்பது எங்கே என்பது அடுத்த வினா. எதிர்ப்பொருளைச் சுரப்பவை பிளாஸ்மா அணுக்கள் என்று ஸ்டாக்ஹோமில் ஆஸ்ட்ரிட் ஃபாக்ரேயுஸ் என்ற பெண்மணி 1948-இல் நிறுவியிருந்தார். நோயுற்ற சிறுவர்களின் நிணநீர்க் கணுக்களில் அப்பிளாஸ்மா அணுக்கள் இல்லை என்பதும் விரைவில் தெரிந்தது. அவை ஏன் இல்லை? அவற்றின் மூதாதை அணுக்கள் எவை? எங்கே வளர்கின்றன? இதற்கு விடையளித்தவை கோழிகள்.

பறவைகளின் எச்சவாயின் அருகே சிறு பை ஒன்று உண்டு. பதுவா நகரத்து உடற்கூற்றறிஞர் ஃபேப்ரீசியஸ் அதனை விவரித்த நூல், அவர் இறந்த பிறகு 1621-இல் வெளிவந்தது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அப்பையின் பயன் எவருக்கும் தெரியாது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த புரூஸ் கிளிக் என்பார், ஆசிரியர் ஒருவர் வாத்தின் உடலை அறுத்துக் காட்டியபோது இப்பையைக் கண்டு இதன் வேலை யாது என்று வினவினார். நல்ல வினாதான், நீயே கண்டுபிடி என்பதுதான் ஆசிரியர் தந்த விடை. அதனையே ஆணையாகக் கொண்டு, கோழிக் குஞ்சுகளின் பையை நீக்கிப் பார்த்தார் கிளிக். குஞ்சுகள் வழக்கம்போல் வளர்ந்தன. ஆராய்ச்சி பயனற்றுப் போயிற்று என்றே தோன்றியது.

அவ்வேளையில் திமதி சாங் என்னும் உடன் மாணவர், எதிர்ப்பொருள் தோன்றுவதை வகுப்பில் காட்டுவதற்குச் சில கோழிகள் தேவை என்று கேட்டு, கிளிக்கின் கோழிகளை வாங்கிச் சென்றார். சால்மொனெல்லா கிருமிப் பொருளை ஊசியில் ஏற்றினார். சில கோழிகள் இறந்தன. பிழைத்த சிலவற்றில் எதிர்ப்பொருள் தோன்றவே இல்லை. வகுப்பில் காட்ட வந்த சோதனை தோற்றது. எந்தக் கோழிகள் அவை என்று அடையாளப் பட்டையைப் புரட்டிப் பார்த்தபோது, அவை அனைத்தும் பை நீக்கப்பட்டவை என்பது புலனாயிற்று. கிளிக்கும் சாங்கும் நண்பர்களுமாகச் சேர்ந்து எழுதிய கட்டுரையைப் புகழ்பெற்ற அறிவியல் இதழொன்று ஏற்க மறுத்தது. 1956-இல் கோழி வளர்ப்போர் படிக்கும் ஓர் இதழில் அது வெளிவந்தது. ஆகையால் மருத்துவர்கள் அதனைப் படித்தறியச் சில ஆண்டுகள் சென்றன. இதழின் பெயரைக் கொண்டு கட்டுரையின் மதிப்பை அளப்போர் அன்றும் இருந்தனர்!

1961-இல் இலண்டனில் ஜாக் மில்லர் என்பார், மார்பெலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பியைப் பிறந்த எலிக்குட்டிகளிலிருந்து நீக்கினார். அவ்வெலிகளில் வெள்ளணுக்களுள் ஒருவகையாகிய நிணநீரணுக்கள் குறைந்தன. பிற எலியின் தோலை ஒட்டவைத்தால் வேற்றுப் பொருளென்று தள்ளும் ஆற்றலும் அழிந்தது. அப்படியானால் பைக்கு ஒரு பணி, தைமஸுக்கு மற்றொரு பணியா? மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் உடனாய்ந்தோரும் 1965-இல் இதனைத் தெளிவுபடுத்தினர். சில கோழிக்குஞ்சுகளில் பையையும், சிலவற்றில் தைமஸையும் நீக்கி, ஏற்கெனவே வெளியேறிவிட்ட அணுக்களைக் கதிர்வீச்சால் அழித்தனர். பை இழந்த கோழி எதிர்ப்பொருளை ஆக்கவில்லை. தைமஸ் இழந்த கோழி வேற்றுத் தோலைத் தள்ளவில்லை. நிணநீரணுக்களில் இரு குலங்கள் உண்டு என்பது இவ்வாறு உறுதியாயிற்று. தைமஸில் வளர்வன டி அணுக்கள், பையில் வளர்வன பி அணுக்கள் என்று பின்னர்ப் பெயர் பெற்றன. புரூட்டனின் சிறுவன் பை நீக்கிய கோழியை ஒத்தவன். அவனிடம் டி அணுக்கள் இருந்தன, பி அணுக்கள் இல்லை.

மனிதனுக்கு அப்பை கிடையாது. பாலூட்டிகளில் பி அணுக்கள் கருவின் கல்லீரலிலும், பின்னர் எலும்பு மஜ்ஜையிலும் பிறக்கின்றன என்று 1974-இல் அறிந்தனர். நோயுற்ற சிறுவர்களின் மஜ்ஜையைக் கூப்பர் குழுவினர் ஆராய்ந்து 1978-இல் வெளியிட்ட செய்தி, சிக்கலை வேறொரு கோணத்தில் காட்டிற்று. அம்மஜ்ஜையில் பி அணுக்களின் இளம் பருவத்து அணுக்கள் இருந்தன! முதிர்ந்த அணுக்கள் மட்டுமே இல்லை. விதை முளைத்திருக்கிறது, முளை செடியாகாமல் மறைகிறது. ஆகவே, அணுக்கள் ஏன் பிறக்கவில்லை என்பதன்று வினா. பிறந்தவை ஏன் பிழைக்கவில்லை என்பதே வினா.

குறை அணுவுக்குள்ளேயே இருக்கிறதா, அன்றி அதனை வளர்க்கும் மஜ்ஜையில் இருக்கிறதா? இதற்கு விடை அச்சிறுவர்களின் தாய்மாரிடமிருந்து கிடைத்தது. பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவும் தன் இரு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்றை உறங்கவைத்துவிடுகிறது என்று ஆங்கிலப் பெண் அறிஞர் மேரி லயன் 1961-இல் கூறியிருந்தார். எதனை உறங்கவைப்பது என்பது தற்செயலாக அமைவது. ஆகவே ஒரு பெண்ணின் அணுக்களில் ஏறத்தாழப் பாதி தந்தை தந்த எக்ஸையும், பாதி தாய் தந்த எக்ஸையும் பயன்படுத்தும். மேரி எலன் கான்லி என்பார் 1986-இல், இந்நோயைக் கடத்தும் தாய்மாரின் குருதியை ஆராய்ந்தார். அவர்களின் பிற அணுக்களில் இருவகையும் கலந்திருந்தன. பி அணுக்களில் மட்டும் குறையற்ற எக்ஸைப் பயன்படுத்துவனவே காணப்பட்டன. குறையுள்ள எக்ஸை எடுத்துக்கொண்ட இளம் அணு, அதே மஜ்ஜையில், நலமான அணுக்களின் அருகிலேயே இருந்தும் பிழைக்கவில்லை என்பதே இதன் பொருள். மஜ்ஜை குற்றமற்றது, குறை அணுவுக்குள் இருந்தது. ஒரு தாயின் உடலுக்குள் எவரும் அறியாமல் ஆண்டுதோறும் நிகழ்ந்து வந்த இச்சோதனையைக் காட்டிலும் தூய சோதனையை எந்த ஆய்வுக்கூடமும் செய்திருக்க இயலாது என்பது என் கருத்து.

உயிரணு மடிவது எவ்வாறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அடிபட்டும் நஞ்சுண்டும் சாவது ஒருவகை. ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலாஸ்டர் கரி என்னும் மூவர் 1972-இல் மற்றொரு வகையை விவரித்தனர். அணு தானே சுருங்கி, தன் மரபுப்பொருளை நறுக்கி, சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, அண்டையிலுள்ள விழுங்கணுக்களுக்கு இரையாகிவிடும். அழற்சியில்லை, சீழில்லை, ஓசையில்லை. மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் இதனை அபாப்டோசிஸ் என்று அழைத்தனர். நாம் உதிர்வு என்றே சொல்லலாம். நிணநீரணுக்கள் தம் இளமையில் பேரளவில் உதிர்கின்றன. உதிராதிருக்க அவற்றுக்கு ஒரு கட்டளை தேவை. அக்கட்டளையைச் சுமப்பது யார் என்ற வினாவோடு, வேறொரு துறைக்கு நாம் செல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் தசையில் சர்க்கரை எரியும் வகையை ஆராய்ந்து வந்தனர். 1955-இல் அவர்கள் கண்டது இது: தூங்கிக் கிடக்கும் ஒரு நொதியின் மீது மற்றொரு நொதி ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது, உடனே அது விழித்தெழுகிறது. பாஸ்பேட்டை நீக்கினால் மீண்டும் உறங்குகிறது. ஓலையின் மீது முத்திரை குத்தியவுடன் அது அரசாணையாகிவிடுவதை ஒத்தது இது. முத்திரை குத்தும் நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர். தசைக்கு மட்டும் உரிய தந்திரம் என்று எண்ணியது, எல்லா உயிரணுக்களும் தமக்குள் செய்தி அனுப்பும் பொது மொழியாக இருந்தது. இருவருக்கும் நோபல் பரிசு 1992-இல் வழங்கப்பட்டது.

புரதத்தில் முத்திரை விழும் இடம் செரின், திரியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களே என்று நெடுநாள் எண்ணியிருந்தனர். 1979-இல் கலிஃபோர்னியாவிலுள்ள சால்க் ஆய்வு நிலையத்தில் டோனி ஹன்டர் என்பார், புற்று உண்டாக்கும் ஒரு வைரசின் புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அமினோ அமிலங்களைப் பிரிக்கும் அமிலக் கரைசலைப் புதிதாகக் கலக்காமல் பழையதையே பயன்படுத்தினார். பலமுறை பயன்பட்ட அக்கரைசலின் அமிலத்தன்மை சிறிது கூடியிருந்தது, 1.9 ஆக இருக்க வேண்டிய அளவு 1.7 ஆகியிருந்தது. அந்தச் சிறு மாறுதலால், திரியோனினோடு ஒட்டிக்கொண்டு ஓட வேண்டிய ஒரு புள்ளி தனியே பிரிந்து நின்றது. அது டைரோசின் என்ற மூன்றாவது அமினோ அமிலத்தின் மீது விழுந்த முத்திரை! கரைசலை நாள்தோறும் புதிதாகக் கலந்திருந்தால் இப்புள்ளி அன்று கண்ணுக்குத் தெரிந்திராது. இதனைச் சோம்பலுக்குச் சான்றாக மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டா. பிரிந்து நின்ற புள்ளியைப் பிழையென்று துடைத்தெறியாமல் அதனைத் தொடர்ந்தவர் ஹன்டர். சாதாரண உயிரணுவில் டைரோசின் மீது விழும் முத்திரை, எல்லா முத்திரைகளிலும் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆயினும் வளர்க, பிரிக, பிழைக்க என்பன போன்ற பெருங்கட்டளைகள் பல அதன் வழியே செல்கின்றன. நியூயார்க்கில் பேட்டன் ரவுஸ் 1911-இல் கோழிப் புற்றிலிருந்து பிரித்த வைரசின் புற்று மரபணுவும் இத்தகைய டைரோசின் கைனேஸ் ஒன்றையே ஆக்குகிறது என்று 1980-இல் தெரிந்தது. கோழி மீண்டும் நம் கதைக்குள் வந்துவிட்டது.

இரு வழிகளும் 1993-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சந்தித்தன. இலண்டனிலும் ஸ்டாக்ஹோமிலும் இருந்த ஆய்வாளர்கள் நோயின் பக்கத்திலிருந்து புறப்பட்டவர்கள். நோய்க் குடும்பங்களின் மரபுப்பொருளை ஒப்பிட்டு, எக்ஸ் குரோமோசோமின் நீண்ட கையில் குறையிருக்கும் இடத்தைச் சிறிது சிறிதாக நெருங்கி மரபணுவைப் பிடித்தனர். லாஸ் ஏஞ்சலிஸில் ஓவன் விட்டியின் குழுவினர் நொதியின் பக்கத்திலிருந்து புறப்பட்டவர்கள். இளம் பி அணுக்களில் புதிய டைரோசின் கைனேஸ்களைத் தேடி ஒன்றைக் கண்டு, அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதை அறிந்தனர். இரு குழுவினரும் இருவேறு பெயரிட்டது ஒரே நொதிக்குத்தான். 659 அமினோ அமிலங்கள் கொண்ட அந்நொதிக்குப் புரூட்டன் டைரோசின் கைனேஸ் என்று பொதுப்பெயர் வைத்து, பி.டி.கே. என்று சுருக்கினர். புரூட்டன் அப்போது உயிரோடிருந்தார். தம் 94-ஆம் வயதில், 2003-இல் மறைந்தார்.

இந்நொதி செய்யும் பணி யாது? மஜ்ஜையில் பிறந்த இளம் அணு, எதிர்ப்பொருளுக்குரிய மரபணுத் துண்டுகளைத் தானே வெட்டி ஒட்டிக் கொள்கிறது. இவ்வியப்பான செயலை 1976-இல் வெளிப்படுத்தியவர் ஜப்பானியரான சுசுமு டொனெகாவா. ஒட்டுதல் குருட்டாம்போக்கில் நடப்பது. மூன்றில் இரண்டு பங்கு ஒட்டுகள் பொருளற்ற வாக்கியங்களாக முடியும். பொருளுள்ள ஒட்டு அமைந்தால் எதிர்ப்பொருளின் கனச் சங்கிலி உருவாகி, ஒரு தற்காலிகத் துணைச் சங்கிலியோடு சேர்ந்து அணுவின் மேற்புறத்தில் தோன்றும். எந்தக் கிருமியும் இன்னும் வரவில்லை. சங்கிலி சரியாக அமைந்தது என்பதே செய்தி. லின், சிக் என்னும் கைனேஸ்கள் முதல் முத்திரைகளைக் குத்துகின்றன. மற்றொரு நொதி, அணுவின் உட்சுவரில் உள்ள கொழுப்புப் பொருளில் ஒரு பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அதனைப் பற்றிக்கொண்டு பி.டி.கே. சுவரருகே வந்து தானும் முத்திரை பெற்று விழிக்கிறது. அது தூண்டும் அடுத்த நொதியால் அணுவுக்குள் கால்சியம் பெருகுகிறது. ஈற்றில் கருவிலுள்ள மரபணுக்களுக்கு, இவ்வணு வாழத் தக்கது, பெருகுக என்ற ஆணை எட்டுகிறது. பி.டி.கே. இல்லாத அணு தன் சங்கிலியைச் செம்மையாகவே செய்திருக்கலாம். ஆயினும் அச்செய்தி உள்ளே போய்ச் சேர்வதில்லை. ஆணை வராத அணு பெருகாமல் உதிர்கிறது. புரூட்டனின் சிறுவன் மஜ்ஜையில் நாள்தோறும் நிகழ்ந்தது இதுவே.

எலிகளிலும் இக்குறை உண்டு. ஒருவகை ஆய்வுக்கூட எலியில், பி.டி.கே. நொதியின் 28-ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் சிஸ்டீன் என்ற ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பது 1993-இலேயே தெரியவந்தது. அந்த ஒரு மாற்றத்தால் நொதி உட்சுவரைப் பற்ற இயலாமற்போகிறது. ஆனால் அவ்வெலிகளுக்கு நோய் மெல்லியது. பி அணுக்கள் குறைந்தாலும் அறவே அழிவதில்லை. எலியில் டெக் என்னும் உறவு நொதி அப்பணியை ஓரளவு ஏற்றுக்கொள்வதே காரணம் என்று, இரண்டையும் ஒருங்கே நீக்கிய எலிகளைக் கொண்டு 2000-இல் காட்டினர். மனிதனில் அத்துணை போதவில்லை. எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்கு ஏற்றிக் கூறுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

தைமஸிலும் இதே நீதிமன்றம் நடைபெறுகிறது. அங்கு லக், ஸாப்-70 என்னும் கைனேஸ்கள் செய்தி சுமக்கின்றன. டி அணுவின் ஏற்பி தன் உடலின் அடையாளத்தை மெல்லத் தொட்டறிந்தால் வாழ்வு; தொடவே இல்லையெனில் உதிர்வு; மிக வலுவாகப் பற்றினாலும் உதிர்வுதான். அவ்வணு நாளை சொந்த உடலையே தாக்கும் அல்லவா? நூற்றில் ஐந்துக்கும் குறைவான அணுக்களே தைமஸைவிட்டு உயிரோடு வெளியேறுகின்றன. 1992-இல் லக் இல்லாத எலிகளில் தைமஸ் சுருங்கிப் போனதைக் கண்டனர். 1994-இல் ஸாப்-70 இல்லாத குழந்தைகள் அறியப்பட்டனர். அவர்களில் டி அணுக்களின் ஒரு பிரிவு தோன்றவே இல்லை. மற்றொரு பிரிவு தோன்றியும் செயலற்றிருந்தது.

இந்த ஆணை இளமையில் ஒருமுறை பெற்றால் போதுமா? போதாது என்று ஜெர்மனியில் கிளாஸ் ராயெவ்ஸ்கியின் குழு 1997-இல் காட்டிற்று. முதிர்ந்த பி அணுக்களிலிருந்து மேற்புற ஏற்பியை நீக்கும்படி எலிகளின் மரபணுவை அமைத்தனர். எந்தக் கிருமியும் தாக்காத நிலையிலேயே அவ்வணுக்கள் சில நாட்களில் மறைந்தன. ஏற்பி இருக்கிறது என்ற மெல்லிய செய்தி, ஆயுள் முழுவதும் இடையறாது ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும் போலும். 2009-இல் அக்குழுவினரே மற்றொன்றும் கண்டனர்: ஏற்பி நீங்கிய அணுவிலும், உட்சுவர்க் கொழுப்பில் பாஸ்பேட் சேர்க்கும் அந்த நொதியை மட்டும் செயற்கையாகத் தூண்டிவைத்தால் அணு பிழைத்திருந்தது. வாழ்வின் ஆணை எந்த வாயில் வழியே செல்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று.

ஆணை இன்றேல் அணு வாழாது என்பது உண்மையானால், அளவுக்கு மீறி வாழும் பி அணுக்களை ஒடுக்க அவ்வாணையை நிறுத்தினால் என்ன? முதியோரைப் பற்றும் ஒருவகை வெள்ளணுப் புற்றுநோயில், பி அணுக்கள் உதிர வேண்டிய காலத்தில் உதிராமல் குருதியில் குவிகின்றன. அவை பி.டி.கே. நொதியைச் சார்ந்து உயிர் வாழ்பவை. அந்நொதியின் 481-ஆவது இடத்திலுள்ள சிஸ்டீனைப் பற்றிப் பிணைந்து, அதனைச் செயலறச் செய்யும் இப்ருட்டினிப் என்ற மருந்து, இப்புற்றுக்கு 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாள்தோறும் வாயால் உட்கொள்ளும் மருந்து அது. சிறுவர்களுக்கு இயற்கை இழைத்த கேட்டை, முதியோருக்கு மருத்துவர் வேண்டுமென்றே ஓரளவு செய்கின்றனர். அதனால் நோய்த்தொற்றுகளைக் குறித்து விழிப்பாகவும் இருக்கின்றனர்.

புரூட்டன் நோயுற்ற சிறுவர்களுக்கு இன்றும் முதன்மைச் சிகிச்சை 1952-இல் அவர் செய்ததே. காமா குளோபுலின் தூயதாகியிருக்கிறது, செலுத்தும் முறைகள் எளிதாகியிருக்கின்றன. ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஆண் குழந்தைகளுள் ஒருவருக்கு இந்நோய் வரும் என்று கணக்கிடுகின்றனர். புற்று மருந்தின் கதையோ நிற்கவில்லை. மருந்து உண்டுவரும் சில நோயாளரின் புற்றணுக்கள், 481-ஆவது இடத்திலிருந்த சிஸ்டீனைச் செரினாக மாற்றிக்கொண்டு தப்பிப்பதை 2014-இலேயே கண்டனர். அந்த ஓர் அமினோ அமிலம் மாறியதும் மருந்து பற்றிக்கொள்ளப் பிடியில்லை. அப்பிடியை நாடாமல் வேறு வகையில் பி.டி.கே. நொதியோடு ஒட்டும் பிர்ட்டோபுருட்டினிப் என்ற மருந்து 2023 ஜனவரியில் அமெரிக்காவில் முதல் அனுமதியைப் பெற்றது.